நாற்பது மில்லிமீட்டர்

தம்மாமிலிருந்து வந்த பெட்டியில்
பேரீச்சம்பழத்துக்கும் பால்பவுடருக்கும் நடுவே
துண்டில் சுற்றி நாலு சிவப்பு ஸ்பிரிங்.
முப்பது கிலோவில் ஏழு கிலோ அதுக்கே போச்சு என்றான் அஸ்ஃபாக்.
உம்மாவுக்கு வாங்கிய மிக்ஸி
விமான நிலையத்திலேயே நின்றுவிட்டதாம்.

கீழக்கரை முக்குரோட்டில் என் ஷெட்.
ஸ்விஃப்ட்டை ஜாக்கியில் ஏற்றி
பழைய ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் புதியதை நிறுத்தினேன்.
குட்டை. கம்பி மட்டும் தடிமன்.
"வண்டி நாப்பது மில்லி இறங்கும்ண்ணே.
ஸ்ட்ரட்டு, ஷாக்கு பழசே போதும்ல?"

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது:
தம்பி, ஸ்பிரிங்குக்குத் தாங்கத் தெரியும்,
நிறுத்தத் தெரியாது.
அது ஷாக்கின் வேலை.
உன்னுடையவை உயரமான, மெத்தென்ற ஸ்பிரிங்கோடு
எழுபதாயிரம் கிலோமீட்டர் பழகியவை.
இதன் உதைப்பு அவற்றின் பிடிக்குள் நிற்காது.
தண்டு இப்போதே பாதி உள்ளே போய்விடும்.
ஒரு பள்ளம் வந்தால் மூன்று விரற்கடை மிச்சம்,
அப்புறம் ரப்பர்,
அப்புறம் இரும்பு.

நான் சொன்னது:
"ஒண்ணும் ஆகாது."
மறுநாள் எனக்கு ஷெட் வாடகை.

அரிச்சல்முனையில் வண்டியைச் சாய்த்து நிறுத்திப்
படம் எடுத்துக்கொண்டான். பத்தொன்பதாம் நாள் விமானம்.
சாவி தங்கை ருக்கையாவிடம் வந்தது.

அவளுக்கு விடியற்காலை வேலை.
ஏர்வாடி, வாலிநோக்கம், நடுவில் இரண்டு குப்பம்.
வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து
ஐஸ்பெட்டியில் வைத்து, பின்சீட்டில் பெல்ட் மாட்டி,
ராமநாதபுரத்து லேபில் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் மாதம் வந்தாள்.
நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.
"வேகத்தடை ஏறி எறங்குனா நாலு தடவ ஆடுது.
எண்ணிட்டேன்."
பானட்டின் மேல் ஒரு குழாயை வைத்தாள்.
மேலே மஞ்சளாய்த் தெளிந்திருக்க வேண்டிய நீர்
செம்பருத்தி அலசிய தண்ணீராய் இருந்தது.
"குலுங்கிக் குலுங்கி அணு ஒடைஞ்சிருச்சு.
லேப்ல வாங்க மாட்டேங்குறாங்க.
வாலிநோக்கத்துல ஒரு உப்பளக்காரரு,
நரம்பே கெடைக்காது அவருக்கு.
நாளைக்கு மூணாவது தடவ குத்தணும் நான்."

வண்டியைத் தூக்கினேன்.
முன்பக்க ஸ்ட்ரட்டில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது.
சக்கரம் தொங்க, ஸ்பிரிங்கைக் கையால் திருகினேன்.
ஜாடி மூடி போலச் சுற்றியது.

"பழைய ஸ்பிரிங்கையே போட்டுருங்க."
அதை எடைக்குப் போட்டிருந்தேன்.
நானேதான்.
அதையும் சொன்னேன், முதல்முறையாக முழுசாய்.

கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர ஒன்பது நாள்:
இறக்கிய ஸ்பிரிங்குக்கென்றே உடம்பைக் குறுக்கி,
மேலே எழும்பும்போது இழுத்துப் பிடிக்கிற ஷாக்குகள்.
அந்த ஒன்பது நாளும் என் ஆம்னி அவளிடம்.
பிரேக் கொஞ்சம் இழுக்கும் என்று
இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

மாட்டி முடித்த காலையில் பானட்டை அழுத்தி விட்டேன்.
கீழே போனது, வந்தது,
நின்றது.
"இன்னொரு தடவ" என்றாள்.
நின்றது.
அப்புறம் பையைத் திறந்தாள்.
"கைய நீட்டுங்க இன்னாசிண்ணே."

கிரீஸ் போகத் துடைத்துவிட்டு நீட்டினேன்.
ஊசி ஏறும்போது
உப்பளக்காரரை நினைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்தேன்.

என் ரத்தத்தைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு
பாம்பன் பாலத்துக்கு ஓட்டினாள்.
கச்சான் காற்று.
தெற்கே ஆண்கடல் எகிறிக்கொண்டிருந்தது,
வடக்கே பெண்கடல் தட்டில் ஊற்றியதுபோல் கிடந்தது.
பாலத்து இணைப்பு ஒவ்வொன்றிலும்
டக் என்று ஒரே ஒரு சத்தம்,
அதன் பின்னால் எதுவும் இல்லை.
நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.
போகவும் எண்ணினேன், திரும்பவும்.

சாயங்காலம் போன் செய்தாள்.
"சாம்பிள் ஒடையல. நீர் மஞ்சளா, சுத்தமா நிக்குது."
"அப்பாடா."
"சர்க்கரதான் எரநூத்திப் பன்னெண்டு.
நாளைக்கு ஆறு மணிக்கு வருவேன்.
டீ குடிச்சிறாதீங்க."